ரீடிங் சரி... ரிசல்ட் தப்பு! – ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானியின் கதை



மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு வேணும் என்று பேரவையில் கேட்டதும், எடிசனோ ஜேம்ஸ் வாட்டோ யாராவது ஒருத்தரைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர்களைப் பற்றி நமக்கு முன்னால் படித்தவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனவே நான் எழுதப்போவது ஒரு ஜெர்மன்காரரைப் பற்றி. பெயர் ஓட்டோ வார்பர்க். மருத்துவ உலகில் பெரிய பெயர். நம்ம சிலபஸில் எங்கேயும் வராத பெயர். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் கையில் வைத்திருந்த கருவி இருக்கிறதே, அது நம்ம ஹைட்ராலிக்ஸ் லேபில் நிற்கிற மானோமீட்டருக்குத் தம்பி!

இவர் எனக்கு அறிமுகமானது ஒரு செல்போன் செய்தியில். எங்கள் பெரியம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து, ஆஸ்பத்திரியில் கீமோ ஊசி ஆரம்பித்திருந்த சமயம். சொந்தக்காரர் ஒருத்தர் செய்தி அனுப்பினார். புற்றுநோய்க்குக் காரணம் ஆக்ஸிஜன் குறைவுதான் என்று கண்டுபிடித்ததற்காக வார்பர்க் என்பவருக்கு 1931-லேயே நோபல் பரிசு கொடுத்தாச்சு, அதை எல்லாரும் மறைக்கிறார்கள், காரத்தன்மை உள்ள தண்ணீரைக் குடித்தால் போதும், ஊசி எல்லாம் வேண்டாம் என்று அதில் இருந்தது. பெரியம்மா அதைப் படித்துவிட்டு, அடுத்த ஊசிக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டில் சயின்ஸ் மாதிரி ஏதோ படிக்கிறவன் நான் ஒருத்தன். உண்மையா பொய்யா என்று என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

பார்த்தேன். அந்தச் செய்தியில் ஒரு துளி உண்மையும் இருந்தது, ஒரு குடம் பொய்யும் இருந்தது. அதைவிட, அந்த மனிதரின் கதை பெரிசாக இருந்தது.

அப்பா பெயரே பாதி பள்ளிக்கூடம்

ஓட்டோ வார்பர்க் 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரில் பிறந்தார். அப்பா எமில் வார்பர்க் பெயர்பெற்ற பௌதிகப் பேராசிரியர். யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராக மாறியவர். அம்மா பாடன் பகுதியைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் ஒரே ஆண் பிள்ளை.

ஓட்டோவுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது அப்பாவுக்கு பெர்லினில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த வீட்டுக்கு வந்து போன விருந்தாளிகளின் பட்டியலைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். மாக்ஸ் பிளாங்க், நெர்ன்ஸ்ட், எமில் ஃபிஷர், பிறகு ஐன்ஸ்டீன்! நம் வீட்டுக்கு மாமா, சித்தப்பா வருகிற மாதிரி அங்கே நோபல் விஞ்ஞானிகள் வந்துபோனார்கள். எதையும் அளந்து பார்க்காமல் பேசக்கூடாது என்கிற பாடத்தை அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகாமலே படித்தான் என்று சொல்லலாம்.

1906-ல் எமில் ஃபிஷரிடம் வேதியியலில் டாக்டர் பட்டம். அதோடு நின்றாரா? இல்லை. ஹைடல்பெர்க் போய் வைத்தியம் படித்து 1911-ல் இன்னொரு டாக்டர் பட்டம். புற்றுநோய்க்கு விடை காண வேண்டும் என்ற ஆசை அந்த நாளிலேயே அவருக்குள் வேர்விட்டிருந்தது.

நடுவில், இத்தாலியில் நேப்பிள்ஸ் கடற்கரை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது கடல் முள்ளெலியின் முட்டை. உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்கிற சின்னக் கடல் பிராணி அது. கருவுறாத முட்டையையும் கருவுற்ற முட்டையையும் வைத்து, இரண்டும் எவ்வளவு ஆக்ஸிஜன் இழுக்கிறது என்று 1908-ல் அளந்தார். கருவுற்றவுடன் ஆக்ஸிஜன் செலவு ஆறு மடங்கு வரை ஏறியது! வளருகிற செல்லுக்கு மூச்சு அதிகம் வேண்டும் என்று அவர் மனதில் பதிந்தது. வேகமாக வளருகிற புற்றுநோய்ச் செல்லுக்கும் இப்படித்தானே இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை அவர் பதினைந்து வருஷம் கழித்துத்தான் சோதித்துப் பார்க்க முடிந்தது.

காரணம், நடுவில் வந்த முதல் உலகப் போர். வார்பர்க் குதிரைப்படையில் சேர்ந்தார். காயம்பட்டார், இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கினார். குதிரையும் ராணுவ ஒழுங்கும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயின. மகன் எங்கே போர்முனையிலேயே செத்துப்போவானோ என்று அம்மாவுக்குக் கவலை. 1918-ல் ஐன்ஸ்டீனே ஒரு கடிதம் எழுதினார். உங்களைப் போன்ற திறமைசாலி போர்முனையில் உயிரை விடுவது நாட்டுக்கு நஷ்டம், உங்கள் இடத்தில் வேறு யாரும் நிற்கலாம், ஆராய்ச்சிக்குத் திரும்புங்கள் என்பது அதன் சாரம். வார்பர்க் பெர்லின் டாலெம் பகுதியில் இருந்த கைசர் வில்ஹெல்ம் ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பினார்.

பட்டறையிலிருந்து வந்தவர்கள்

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது நமக்கான இடம்.

வார்பர்க் தன் லேபில் பட்டதாரிகளைக் கூட்டமாகச் சேர்க்கவில்லை. அவர் தேடிப் பிடித்தது டெக்னீஷியன்களை! தொழிற்சாலைப் பட்டறைகளில் கருவி செய்யப் பழகியவர்கள், கை சுத்தமாக வேலை செய்கிறவர்கள், காலையில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவர்கள். எர்வின் நெகலைன், வால்டர் கிறிஸ்டியன், ஃபிரிட்ஸ் குபோவிட்ஸ் எல்லாம் அப்படி வந்து, வார்பர்க்கோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெயர் போட்டவர்கள். நெகலைன் பிறகு டாக்டர் பட்டமே பெற்றார். சர்க்கரை உடம்பில் உடைகிற பாதையில் வரும் ஒரு பொருளுக்கு இன்றைக்கும் நெகலைன் எஸ்டர் என்று பெயர் உண்டு. பட்டறையில் ரம்பம் பிடித்த கை, உயிர்வேதியியல் புத்தகத்தில் நிலைத்துவிட்டது. டிப்ளமோதானே என்று நம்மை யாராவது இளக்காரமாகப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் கருவிக்கு வருவோம். ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்க இங்கிலாந்தில் பார்கிராஃப்ட், ஹால்டேன் இருவரும் ஒரு மானோமீட்டர் செய்திருந்தார்கள். வார்பர்க் அதை எடுத்துத் திருத்தி, உயிருள்ள திசுவின் மூச்சை அளக்கும் கருவியாக மாற்றினார். ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை. அதில் உப்புக் கரைசல், அதற்குள் திசு. குடுவையிலிருந்து யூ வடிவக் குழாய். குடுவை 37.5 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஆடிக்கொண்டே இருக்கும். திசு ஆக்ஸிஜனை இழுத்தால் அழுத்தம் குறையும், குழாயில் திரவ மட்டம் நகரும். வெளிவரும் கரியமில வாயு கணக்கைக் குழப்பாமல் இருக்க, குடுவையின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் பொட்டாஷ் காரம்.

குழாயில் பாதரசம் ஊற்றவில்லை. பாதரசம் கனமானது, சின்ன மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அதற்குப் பதில் 10,000 மில்லிமீட்டர் உயரம் நின்றால்தான் ஒரு வளிமண்டல அழுத்தம் ஆகும்படி சரிக்கட்டிய லேசான உப்புத் திரவம். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! லீஸ்ட் கவுண்ட் என்று நாம் மனப்பாடம் பண்ணுகிறோமே, அதன் அருமை இங்கே தெரிகிறது.

திசுவைக் குடுவையில் அப்படியே துண்டமாகப் போட்டாலும் பயனில்லை. ஆக்ஸிஜன் உள்ளே ஊடுருவாது, நடுப்பகுதி மூச்சுத் திணறிச் சாகும். எவ்வளவு மெல்லிசாகச் சீவினால் நடுவரைக்கும் ஆக்ஸிஜன் போகும் என்று வார்பர்க் கணக்குப் போட்டார். அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கையில் சவரக் கத்தியை வைத்துக்கொண்டு அந்த அளவுக்குச் சீவினார்கள்.

1923: எதிர்பாராத ரீடிங்

இப்போது பழைய கேள்வி. எலியின் புற்றுநோய்க் கட்டியைச் சீவிக் குடுவையில் போட்டார்கள். கடல் முள்ளெலி முட்டை மாதிரி ஆக்ஸிஜனை மடக்மடக்கென்று இழுக்கும் என்று எதிர்பார்த்தார் வார்பர்க். இழுக்கவில்லை! சாதாரணத் திசு மாதிரிதான் இழுத்தது. ஆனால் வேறொன்று நடந்தது. குளுக்கோஸ் போட்டவுடன் கட்டி அமிலமாகக் கொட்டியது. லாக்டிக் அமிலம். தயிர் புளிக்கும்போது வருகிற அதே அமிலம்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நாம் வேகமாக ஓடும்போது தசைக்கு ஆக்ஸிஜன் பற்றாமல் லாக்டிக் அமிலம் உண்டாகும். ஆக்ஸிஜன் வந்துவிட்டால் அது நின்றுவிடும். ஆக்ஸிஜன் இருந்தால் நொதித்தல் அடங்கும் என்று ஈஸ்ட்டை வைத்து பாஸ்டர் முன்பே காட்டியிருந்தார். புற்றுநோய்க் கட்டியோ, குடுவை நிறைய ஆக்ஸிஜன் இருந்தும் நொதிப்பதை நிறுத்தவில்லை. வாசலில் லாரி நிறைய டீசல் நிற்க, அடுப்பங்கரையில் விறகை ஊதிக்கொண்டிருப்பது போல! ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்ஸிஜனோடு முழுசாக எரித்தால் செல்லுக்கு ஏறக்குறைய 30 ஏ.டி.பி. கிடைக்கும். நொதித்தலில் இரண்டே இரண்டு. இப்படி ஒரு ஊதாரித்தனம் ஏன்?

குடுவையில் மட்டும்தான் இப்படியா, உடம்புக்குள்ளும் இப்படியா? வார்பர்க், விண்ட், நெகலைன் மூவரும் உயிருள்ள எலியில் கட்டிக்குள் போகும் ரத்தத்தையும் வெளிவரும் ரத்தத்தையும் ஒப்பிட்டு 1927-ல் வெளியிட்டார்கள். உள்ளே போன குளுக்கோஸ் குறைந்திருந்தது, வெளியே வந்ததில் லாக்டிக் அமிலம் கூடியிருந்தது. ரீடிங் பொய்யில்லை. ஆக்ஸிஜன் குறைந்த காற்றில் எலிகளை வைத்தும் பார்த்தார்கள். கட்டியின் செல்கள் பெரும்பாலும் செத்தன, ஆனால் எல்லாம் சாகவில்லை. தப்பிப் பிழைத்த அந்தக் கொஞ்சம் செல்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நோபல் பரிசு எதற்கு?

1931-ல் நோபல் பரிசு வந்தது. செல்போன் செய்தியின் முதல் பொய் இங்கேதான். பரிசு புற்றுநோய்க்காகக் கொடுக்கப்படவில்லை. செல்லின் மூச்சை நடத்துகிற இரும்பு கலந்த என்சைம் ஒன்றின் தன்மையைக் கண்டுபிடித்ததற்காக. கார்பன் மோனாக்ஸைடு அந்த என்சைமை அடைத்துவிடும், வெளிச்சம் பட்டால் விட்டுவிடும். எந்தெந்த நிற ஒளிக்கு எவ்வளவு விடுகிறது என்று அளந்து அளந்தே, கண்ணால் பார்க்காத பொருளின் குணத்தைச் சொல்லிவிட்டார். இன்றைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் மெஷினுக்குள் 340 நானோமீட்டர் ஒளியை விட்டு ஈரல் என்சைம்களை அளக்கிறார்களே, அந்த முறைக்கு மூலமும் இவர் லேப்தான்.

அதே 1931-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் அவருக்கென்றே பெர்லினில் ஒரு ஆராய்ச்சி நிலையம் எழும்பியது. பார்த்தால் பழைய காலத்து ஜமீன் பங்களா மாதிரி இருக்கும். காலையில் குதிரைச் சவாரி, பிறகு லேப். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நிலையத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட யாகோப் ஹைஸ்தான் கடைசிவரை அவரோடு வாழ்ந்த துணை.

1926 முதல் 1930 வரை வார்பர்க்கிடம் உதவியாளராக இருந்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். திசுவைச் சீவி மானோமீட்டரில் அளக்கும் வித்தையை இவரிடம் கற்றுக்கொண்டு போய், பிற்காலத்தில் கிரெப்ஸ் சுழற்சியைக் கண்டுபிடித்து 1953-ல் நோபல் வாங்கினார். ஆனால் அதற்கு முன்னால் அவர் நாட்டைவிட்டு ஓட வேண்டி வந்தது. ஏன்?

இருண்ட வருஷங்கள்

1933-ல் ஹிட்லர் வந்தான். யூத விஞ்ஞானிகள் வேலையிழந்தார்கள். கிரெப்ஸ் இங்கிலாந்து போனார். ஐன்ஸ்டீன் அமெரிக்கா போனார். அப்பா வழியில் யூத ரத்தம் உள்ள வார்பர்க் போகவில்லை. நிலையம், லேப், குதிரை, இதையெல்லாம் விட்டுப்போக மனசு வரவில்லை. நாஜிகளை அவருக்குப் பிடிக்காது, அதை வாய்விட்டும் பேசினார். ஆனால் கிளம்பவில்லை.

1941-ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சில வாரத்தில் ஹிட்லரின் அலுவலகத்திலிருந்தே உத்தரவு வந்தது, புற்றுநோய் ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று. பாதி யூதர் என்பதைக் கால் யூதர் என்று மாற்றி எழுத கோரிங் ஏற்பாடு செய்தான். மனிதனைப் பின்னமாக்கிக் கணக்குப் பார்த்த கொடுமையைப் பாருங்கள்! லட்சக்கணக்கான பேர் விஷவாயுவில் செத்துக்கொண்டிருந்த நாட்டில், இவர் மானோமீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இதைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. போர் முடிந்தபின் வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலருக்கும் அப்படியே இருந்தது. மேதை என்பதற்காக இதை மறைத்து எழுதுவது சரியில்லை என்று பட்டது, அதனால் எழுதிவிட்டேன்.

1943-ல் குண்டுவீச்சுக்குப் பயந்து லேபை பெர்லினுக்கு வடக்கே லீபன்பெர்க் என்ற பண்ணைக்கு மாற்றினார்கள். 1945-ல் சோவியத் படை வந்து கருவிகளை அள்ளிக்கொண்டு போனது. அறுபது வயதுக்கு மேல் வெறுங்கையோடு நின்றார். சில வருஷம் கழித்துத்தான் பழைய கட்டடம் அவர் கைக்குத் திரும்பி வந்தது. மறுபடியும் ஆரம்பித்தார்! 1944-ல் அவருக்கு இரண்டாவது நோபல் முடிவாகி ஹிட்லர் தடுத்துவிட்டான் என்று பல புத்தகத்தில் வரும். அது சரியல்ல. அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது உண்மை, தேர்ந்தெடுக்கப்படவில்லை.

ரிசல்ட் எங்கே தப்பியது?

நம்ம ரெக்கார்டு நோட்டில் எப்படி? மேலே டேபுலேஷன், கீழே ரிசல்ட். வார்பர்க்கின் டேபுலேஷன் நூறு சதவீதம் சரி. ரிசல்ட் என்று அவர் எழுதியது: புற்றுநோய்ச் செல்லின் மூச்சுவிடும் இயந்திரம் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி கெட்டுவிட்டது, அதனால்தான் அது நொதிக்கிறது, அதுவே புற்றுநோய்க்கு மூலகாரணம்.

1956-ல் அமெரிக்க விஞ்ஞானி சிட்னி வைன்ஹவுஸ் எதிர்த்தார். கட்டியின் திசு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி சர்க்கரையையும் எரிக்கிறது, கொழுப்பு அமிலத்தையும் எரிக்கிறது என்று அவர் தன் லேபில் ஏற்கெனவே பார்த்திருந்தார். அப்படியென்றால் இயந்திரம் கெடவில்லையே? வார்பர்க் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. 1966-ல், 82 வயதில், லிண்டாவ் நகரில் நோபல் பரிசு பெற்றவர்கள் கூடிய கூட்டத்திலும் அதே கருத்தைத்தான் அடித்துச் சொன்னார். இரும்புச் சத்தும் சில வைட்டமின்களும் கொடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாம் என்றார். அது நிரூபணமாகவில்லை. ரசாயனத்துக்குப் பயந்து தன் தோட்டத்தில் விளைந்ததையே சாப்பிட்டார், ரொட்டியும் வீட்டில் சுட்டதுதான்.

இன்றைக்குத் தெரிந்தது என்ன? சில அரிய வகைக் கட்டிகளைத் தவிர, பெரும்பாலான புற்றுநோய்ச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. கெட்டுப்போவது ஜீன்கள். வளரு, வளரு என்று கட்டளை போடும் ஜீன்கள் சர்க்கரையின் பாதையைத் திருப்பிவிடுகின்றன. எரித்துச் சாம்பலாக்கினால் உடம்பு கட்ட என்ன மிச்சம் இருக்கும்? பெருகுகிற செல்லுக்குக் கட்டுமானச் சாமான் வேண்டும். அதில் முக்கியமானது கொழுப்பு. செல்லின் சுற்றுச்சுவரே கொழுப்பில் ஆனது. ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் இரண்டு சுவர் வேண்டும். 1953-லேயே கிரேஸ் மீடஸ், வைன்ஹவுஸ் முதலானோர், வார்பர்க் சொல்லிக்கொடுத்த அதே திசுச் சீவல் முறையில், கட்டிகள் தாங்களே கொழுப்பைத் தயாரிக்கின்றன என்று காட்டினார்கள். அவருடைய கருவியே அவருடைய முடிவுக்கு அடுத்த வழியைத் திறந்தது!

மூச்சு முட்டும் இடத்தில் கொழுப்பின் கதை

இப்போது அந்தத் தப்பிப் பிழைத்த செல்களுக்கு வருவோம். கட்டி வேகமாக வளரும், ரத்தக்குழாய் அந்த வேகத்தில் வளராது. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு தள்ளிப்போனாலே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுகிறது என்று 1955-ல் தாம்லின்சன், கிரே இருவரும் நுரையீரல் கட்டிகளில் பார்த்தார்கள். அந்த இருட்டு மூலையில் செல் எப்படிப் பிழைக்கிறது?

அமெரிக்காவின் கிரெக் செமென்சா 1990-களின் தொடக்கத்தில் ஹிஃப் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார். ஆக்ஸிஜன் இருந்தால் இந்தப் புரதத்தில் ஒரு முத்திரை விழும், வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் வந்து பிடித்து அழித்துவிடும். ஆக்ஸிஜன் குறைந்தால் முத்திரை விழாது, ஹிஃப் சேர்ந்துகொண்டே போய் ஜீன்களை முடுக்கிவிடும். நம்ம எலக்ட்ரிகல் நண்பர்கள் பாஷையில் சொன்னால், ஒரு ரிலே. இந்த வேலைக்காக செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு.

ஹிஃப் என்ன செய்கிறது? சாதாரணமாக, சர்க்கரை உடைந்து பைருவேட் ஆகும். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அசிட்டைல் கோ-ஏ ஆகி, சிட்ரேட் ஆகும். அந்த சிட்ரேட்டில் கொஞ்சம் வெளியே வந்து கொழுப்பு தயாரிக்கப் பயன்படும். ஹிஃப் இந்த லைனில் ஒரு வால்வை மூடிவிடுகிறது என்று 2006-ல் தெரிந்தது. பைருவேட் உள்ளே போகாமல் லாக்டிக் அமிலமாகத் திரும்புகிறது. வார்பர்க் பார்த்த அதே அமிலம்! ஆனால் வால்வை மூடினால் கொழுப்புக்கு மூலப்பொருளும் நின்றுபோகுமே?

செல் பைபாஸ் லைன் போடுகிறது. குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, வழக்கமான சுழற்சியைத் தலைகீழாக ஓட்டி, சிட்ரேட் செய்கிறது. இது 2011-ல் வெளிவந்தது. கிரெப்ஸ் கண்டுபிடித்த சுழற்சியின் ஒரு பகுதியே ரிவர்ஸில் ஓடுகிறது! இன்னொரு லைன், அசிட்டேட். காடியில் இருக்கிற அமிலத்தின் சொந்தக்காரன். அதையும் பொறுக்கி எடுத்துக் கொழுப்பு செய்கிறது.

அடுத்த சிக்கல். கொழுப்பில் இரண்டு வகை உண்டு. வனஸ்பதி மாதிரி உறைகிறது ஒன்று, நல்லெண்ணெய் மாதிரி ஓடுகிறது ஒன்று. எண்ணெய் மாதிரி ஓட, கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு போட வேண்டும். அந்தப் பிணைப்பைப் போடும் என்சைமுக்கு ஆக்ஸிஜன் கட்டாயம். ஒரு பிணைப்புக்கு ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு. கொலஸ்ட்ரால் செய்ய வேண்டுமென்றால் ஒரு மூலக்கூறுக்கு 11 ஆக்ஸிஜன் மூலக்கூறு! ஆக்ஸிஜன் இல்லாத மூலையில் உறைகிற கொழுப்பு சேர்ந்து சவ்வு விறைத்துவிடும், செல் செத்துப்போகும். அதனால் செல் என்ன செய்கிறது தெரியுமா? தானே தயாரிப்பதைக் குறைத்துவிட்டு, ரத்தத்தில் மிதந்து வருகிற ரெடிமேட் எண்ணெய்க் கொழுப்பை உறிஞ்சிக்கொள்கிறது. இது 2013-ல் வெளியான கண்டுபிடிப்பு.

மூன்றாவது, சேமிப்பு. கொழுப்பை எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும், அது இல்லை. எனவே ஹிஃப் கொழுப்பை எரிக்கும் என்சைம்களைக் குறைத்துவிடுகிறது. உள்ளே வந்த கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாகச் செல்லுக்குள் அடைந்துகொள்கிறது. மறுபடி ஆக்ஸிஜன் வரும்போது இந்தத் துளிகள்தான் மூலதனம். திடீரென்று ஆக்ஸிஜன் வந்தால் உண்டாகும் நச்சுப் பொருள்களிலிருந்து செல்லைக் காப்பாற்றும் கேடயமும் அதுதான் என்று 2014-ல் காட்டினார்கள்.

இதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி இருக்கிறது. சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகையில், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் வெறுமையாக, கண்ணாடி மாதிரி வெளிறித் தெரியும். உண்மையில் அவை வெறுமை இல்லை, கொழுப்பும் கிளைக்கோஜனும் நிறைந்தவை. ஸ்லைடு தயாரிக்கும்போது அவை கரைந்துபோவதால் அப்படித் தெரிகிறது. இந்த நோயில் பெரும்பாலும் வி.எச்.எல். புரதம் கெட்டிருக்கும். ஆக்ஸிஜன் இருந்தாலும் ஹிஃப் அழியாது. மூச்சு முட்டாமலே, முட்டுவதுபோல நடந்துகொள்ளும் செல்! குடுவை நிறைய ஆக்ஸிஜன் இருந்தும் நொதித்த அந்த எலிக் கட்டி நினைவுக்கு வருகிறதா? ஹிஃப்பின் ஒரு வகையைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் வி.எச்.எல். பரம்பரை நோய்க்கு 2021-லும், முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2023-லும் அனுமதி கிடைத்தது.

கடைசியாக...

வார்பர்க் 1968-ல் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பழைய தெம்பு இல்லை. 1970 ஆகஸ்ட் 1-ந் தேதி, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு பெர்லினில் காலமானார். வயது 86. தன் முடிவுதான் சரி என்ற நம்பிக்கையோடே போனார்.

சரி, பெரியம்மா விஷயம்? நான் வீட்டில் சொன்னது இவ்வளவுதான். நோபல் பரிசு புற்றுநோய்க்காகத் தரப்படவில்லை. கட்டி அமிலம் சுரப்பது உண்மை, ஆனால் அந்த அமிலம் கட்டியின் கழிவு, நோயின் காரணம் இல்லை. ரத்தத்தின் காரத்தன்மையை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நுரையீரலும் சிறுநீரகமும் கட்டிக் காக்கின்றன, எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அது அசையாது. ஆக்ஸிஜன் குறைந்தால் புற்றுநோய்ச் செல் குறுக்கு வழி தேடி இன்னும் சாமர்த்தியமாகப் பிழைக்கிறது, அதைத் தண்ணீரால் ஏமாற்ற முடியாது. பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அடுத்த ஊசிக்குத் தேதி கேட்டார். எல்லா ஊசியும் முடிந்து, இப்போது செக்கப்புக்குப் போய் வருகிறார்.

நண்பர்களே, லேபில் ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரிசல்ட்டை முதலில் எழுதிவிட்டு, ரீடிங்கைப் பின்னால் சமைக்கிறோம். நானும் செய்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். வார்பர்க் எதிர்பார்த்தது ஒன்று, குழாயில் வந்தது வேறு. வந்ததை அப்படியே எழுதினார். அதனால்தான் அவருடைய முடிவு தோற்றும் அவருடைய ரீடிங் நூறு வருஷம் கழித்தும் நிற்கிறது, அதன் மேல் மற்றவர்கள் கட்டிக்கொண்டே போகிறார்கள். ரீடிங்கைப் பொய்யாக எழுதியிருந்தால் எதன் மேல் கட்டுவது?

அடுத்த முறை மானோமீட்டர் முன்னால் நிற்கும்போது, குழாயில் மட்டம் எங்கே நிற்கிறதோ அதையே எழுதுவோம். மார்க் குறைந்தால் குறையட்டும். ரிசல்ட்டை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம், ரீடிங்கைத் திருத்த முடியாது.

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை